கஞ்சமலை முதல் சித்தம்பூண்டி வரை: ஒரு திசைகாட்டியும் எங்கள் வீட்டு வாசலும்

எங்கள் வீட்டுத் தலைவாசலை இடிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யத்தான் இந்தப் பயணம் போனோம். அதனால் இதைச் சுற்றுலா என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சேலம், நாமக்கல் பக்கம் குழந்தையோடு ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய, அதிகம் பேர் எழுதாத ஒரு வழி எங்களுக்குக் கிடைத்துவிட்டது. கல், மலை, தாது இவற்றில் ஆர்வம் உள்ளவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். போனது மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. பாப்பா இப்போதுதான் தூங்கினாள். அவள் எழுவதற்குள் முடித்துவிட வேண்டும்.

முதலில் வாசல் கதை. நாங்கள் இருப்பது இளம்பிள்ளை பக்கம், கஞ்சமலையின் அடிவாரத்தில். கணவருக்கும் மாமனாருக்கும் விசைத்தறி, சேலை வியாபாரம். நான் சேலத்தில் நிலவியல் எம்.எஸ்ஸி. படித்தேன், படித்து முடித்ததும் கல்யாணம். மகள் யாழினிக்கு இரண்டு வயது எட்டு மாதம். இன்னும் பேசவில்லை. ‘ம்’ என்பாள், கையைப் பிடித்து இழுத்துக் காட்டுவாள், நன்றாகச் சிரிப்பாள். ‘அம்மா’ வரவில்லை. தடுப்பூசிக்குப் போனபோது டாக்டர், “காது ஒரு தடவை பார்த்துடுங்க” என்றார். அதற்குள் வீட்டுக்கு ஒரு வாஸ்துக்காரர் வந்துவிட்டார்.

அவர் போனைத் தரையில் வைத்து அதிலிருந்த திசைகாட்டியைப் பார்த்தார். வீடு இருபது டிகிரி முறுக்கிக்கொண்டு நிற்கிறது, தலைவாசல் ஆகாத இடத்தில் விழுந்திருக்கிறது, குழந்தைக்கு வாக்கு வராததற்கு அதுதான் காரணம் என்றார். வாசலை அடைத்து நான்கு அடி தள்ளித் திறக்க வேண்டுமாம். பங்குனி பிறந்தால் வீட்டில் கை வைக்கக் கூடாது, மாசி முடிவதற்குள் செய்யுங்கள் என்று வெள்ளிக்கிழமை நாள் குறித்துக் கொடுத்தார். கொத்தனாருக்கும் சொல்லியாகிவிட்டது. காது பரிசோதனையை மாமனார் தள்ளி வைத்துவிட்டார். “மொதல்ல வாசல மாத்துவோம். அதுக்கப்புறமும் பேசலைன்னா டாக்டர்கிட்ட போலாம்.”

நான் படித்தவள். கஞ்சமலை முழுக்கக் காந்தக்கல் என்று எனக்குத் தெரியும். அங்கே திசைகாட்டி சரியாகக் காட்டாது என்று கல்லூரியில் முதல் களப்பயணத்திலேயே சொல்லிவிடுவார்கள். ஆனால் ராத்திரி குழந்தை பக்கத்தில் படுத்திருக்கும்போது, ‘ஒருவேளை வாசல்தானோ’ என்று எனக்கும் தோன்றியது. பயத்துக்குப் படிப்புத் தெரியாது போல.

சனிக்கிழமை என் பழைய திசைகாட்டியைத் தேடி எடுத்தேன். போன் இல்லை, நிஜமான முள் உள்ளது. வாசலில் வைத்தால் வடக்கு ஒரு பக்கம், கிணற்றடியில் இன்னொரு பக்கம், கொல்லையில் மூன்றாவது பக்கம். நான் ஜெயித்த மாதிரி மாமனாரைப் பார்த்தேன். அவர் அசரவில்லை.

“உன்ற டப்பாவுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குது அம்மணி. அத நம்பி அவரு சொன்னத தப்புங்கறயா?”

“டப்பா நல்லாத்தானுங்க மாமா இருக்குது. மலைதான் முள்ளை இழுக்குது.”

“அப்ப மலை இல்லாத எடத்துல கொண்டுபோய்க் காட்டு பாக்கலாம்.”

அப்படித்தான் பேச்சு முடிந்தது. வெளியே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். அங்கே முள் ஒழுங்காக நின்றால் வாசலில் கை வைக்கக் கூடாது. அங்கேயும் ஆடினால் வெள்ளிக்கிழமை வாசல் உடையும், நான் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கணவருக்கு ஆர்டர் நெருக்கடி, வர முடியவில்லை. மாமனார், நான், யாழினி, வாடகைக் கார் ஓட்டுநர் பூபதி, இவ்வளவுதான் கூட்டம். பூபதி முன்பு திருச்செங்கோட்டில் ரிக் லாரி ஓட்டியவர். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி அது. இப்போது சொந்தக் கார். நாள் வாடகை, டீசல், சுங்கம் எல்லாம் சேர்த்து 3,200 ரூபாய் பேசியிருந்தோம்.

கஞ்சமலை, காலை 6.40

வீட்டிலிருந்து சித்தர்கோவில் போகும் வழியில் இரண்டு கிலோமீட்டரிலேயே முதல் நிறுத்தம். மலை ஏற வேண்டாம், அடிவாரத்து ஓடையிலேயே கறுப்புக் கற்கள் உருண்டு கிடக்கும். ஒன்றைத் தூக்கிப் பாருங்கள், அதே அளவுள்ள சாதாரணக் கல்லைவிட நல்ல கனம். உடைந்த பக்கத்தில் கறுப்பும் வெளுப்புமாக மெல்லிய கோடுகள் தெரியும். கறுப்பு காந்தக்கல், அதாவது இரும்புத் தாது. வெளுப்பு படிகக்கல். வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டும் மாங்காய் பொம்மையை எடுத்துப் போயிருந்தேன் (பெரியதாக எடுத்துப் போங்கள், சின்னக் காந்தம் குழந்தை வாய்க்குப் போய்விடும்). அதை ஒட்டினால் கல்லைப் பிடித்துக்கொள்கிறது. யாழினி ஒட்டினாள், பிய்த்தாள், ஒட்டினாள். அரைமணி நேரம் அவள் அழவே இல்லை.

இந்தக் கோடுகள் ஏறக்குறைய இருநூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கடலடியில் படிந்தவை. அன்றைக்குக் காற்றிலும் கடலிலும் ஆக்சிஜன் மிகக் குறைவு. அதனால் இரும்பு துருப்பிடித்து உடனே கீழே விழாமல் உப்பு மாதிரி நீரில் கரைந்தே கிடந்தது. ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரச் சேர இரும்பு அடுக்கடுக்காகக் கீழே படிந்தது. பிறகு அந்தக் கடல் மூடியது. இரண்டு பக்கத்து நிலமும் நெருங்கி நசுக்கியதில் கடலடி மண்ணெல்லாம் மடிந்து, பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்துக்குப் போய் வெந்து, காந்தக்கல்லாக மாறி மேலே வந்தது. மேலிருந்து பார்த்தால் கஞ்சமலையின் அடுக்குகள் ஒரு கிண்ணம் மாதிரி வளைந்திருக்கும். அது அந்த நசுக்கலின் அடையாளம்.

பூபதி கல்லைக் கையில் எடை போட்டுப் பார்த்தார். “அக்கா, இதுல பாதிய வண்டில ஏத்துனா போதும், ஸ்பிரிங் பட்டை ஒடஞ்சிரும்.”

மாமனார் காரை விட்டு இறங்கவே இல்லை. “இதென்ன புதுசா. நம்ம ஊட்டுக் கடக்கால் பூராவும் இந்தக் கல்லுதான்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டைச் சுற்றி மட்டுமில்லை, வீட்டுக்குக் கீழேயும் காந்தக்கல். வாஸ்துக்காரர் போனை வைத்தது அதன் தலைமேல். ஆனால் அப்போது வாயைத் திறக்கவில்லை. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

கருப்பூர், காலை 8.15

கஞ்சமலையிலிருந்து சேலம் புறவழிச்சாலை வழியாகக் கருப்பூர் 27 கிலோமீட்டர். ரயிலில் சேலம் தாண்டும்போது வெள்ளை வெளேரென்று மண் குவியல்கள் பார்த்திருப்பீர்கள், அந்த இடம்தான். வெள்ளைக்கல் சுரங்கங்கள். உள்ளே அனுமதி இல்லாமல் போகக் கூடாது, கேட்கவும் வேண்டாம். சாலையிலிருந்தே நன்றாகத் தெரியும். பழுப்பு மலையில் வெள்ளை நரம்புகள் வலைபோல ஓடும். பார்க்கச் சுண்ணாம்பு மாதிரி இருந்தாலும் இது மக்னீசியத் தாது. எஃகு உலைகளுக்குள் பதிக்கும் தீச்செங்கல் இதிலிருந்துதான் செய்கிறார்கள்.

அந்தப் பழுப்புக் கல்தான் விஷயம். அது நிலத்தின் மேல்தோலைச் சேர்ந்தது இல்லை, வெகு ஆழத்திலிருந்து வந்தது. ஒன்றாக இருந்த பெரிய கண்டம் இழுபட்டு விரியும்போது அடியில் பிளவு விழும். அந்தப் பிளவின் வழியே அடிஆழத்துச் சரக்கு மேலே ஏறிவிடும். பின்னாளில் கரியமில வாயு கலந்த நீர் அதன் விரிசல்களில் ஊறி ஊறிக் கல்லை வெள்ளைக்கல்லாக மாற்றியது. இது எந்தப் பிரிவின்போது மேலே வந்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் பேச்சு ஓயவில்லை. ஏறக்குறைய எண்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பு பழைய பெருங்கண்டம் ஒன்று உடைந்தபோது என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் படித்த காலத்தில் எனக்குப் பிடித்த கட்சி அது, அதனால் அதைச் சொல்கிறேன்.

சரி, திசைகாட்டி. சாலை ஓரத்தில் இறங்கி, கையில் வைத்து, மாமனாரைக் கூப்பிட்டேன். முள் வடக்கே நிற்கும் என்று நான் அவ்வளவு உறுதியாக இருந்தேன். காலை வெயில் எங்கள் வலப்பக்கம் அடிக்கிறது, வடக்கு எதிரே இருக்க வேண்டும். முள்ளோ கோணலாகச் சாலையைப் பார்த்து நின்றது.

மாமனார் சிரிக்கக்கூட இல்லை. அதுதான் எனக்கு வலித்தது. “சரி, போலாம் வா. ஊட்டுக்கே திரும்பிரலாம். வெய்யல்ல புள்ளைய எதுக்கு அலைக்கழிக்கற?”

திசைகாட்டி நிஜமாகவே கெட்டுப்போயிருந்தால்? பீரோவில் ஐந்து வருஷம் எதன் பக்கத்தில் கிடந்ததோ. இருபது டிகிரி நிஜமென்றால்? யாழினி காரின் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பார்வை என் மேலேயே இருந்தது, கேட்ட மாதிரி தெரியவில்லை. கண்ணாடி ஏற்றியிருக்கிறது, அதனால்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

பூபதிதான், “அக்கா, நீங்க எங்க நிக்கறீங்கன்னு பாருங்க” என்றார். பாலத்துத் தடுப்பு. இடுப்புயர இரும்புத் தகடு நீளமாக ஓடுகிறது, நான் அதில் சாய்ந்துகொண்டு திசைகாட்டியைப் பிடித்திருக்கிறேன். பின்னால் ஒரு முழம் தள்ளிக் கார். எம்.எஸ்ஸி. படித்து என்ன பயன்! இருபது எட்டு விலகிப் போனேன். முள் திரும்பி, இரண்டு ஆட்டம் ஆடி, வடக்கே நின்றது.

“எடத்துக்கு ஒரு சாக்கு சொல்ற” என்றார் மாமனார்.

“இல்லீங்க மாமா, இரும்புக்குப் பக்கத்துல...”

“இங்க இரும்பு, அங்க கல்லு. நாளைக்கு நெலாவச் சொல்லுவ.”

பூபதி குனிந்து டயரைப் பார்த்தார், சிரிப்பை மறைக்க. வழியில் திரும்பும் பேச்சு இல்லை, மேலே போவோம் என்று நான் காரில் ஏறிவிட்டேன். மாமனாரும் ஏறினார். அதுவே பெரிசு.

சங்ககிரி, காலை 9.30

கருப்பூரிலிருந்து சங்ககிரி 39 கிலோமீட்டர், நான்குவழிச் சாலை. குழந்தையோடு போனால் சாப்பாட்டை இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். திருச்செங்கோட்டைத் தாண்டிவிட்டால் சித்தம்பூண்டி வரை நல்ல கழிவறை கிடைப்பது கடினம். இட்லி, பொங்கல், காபி, நாலு பேருக்கு 310 ரூபாய். யாழினி முழு இட்லி சாப்பிட்டாள் (எழுதி வைக்க வேண்டிய செய்தி).

சங்ககிரிக் கோட்டை மலையும், அடுத்து வரும் திருச்செங்கோட்டு மலையும் கருங்கல் வகை. மற்ற இரண்டு இடங்களைவிட வயது மிகக் குறைவு, ஏறக்குறைய ஐம்பத்தைந்து கோடி ஆண்டு. அந்தக் காலத்தில்தான் இந்தியா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், அண்டார்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் வந்து முட்டி ஒரே கண்டமாக ஒட்டின. கோண்டுவானா என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்த ஒட்டுத் தையல்களில் ஒன்று பாலக்காட்டிலிருந்து காவிரி ஓரமாக நம் ஊர் வழியாகத்தான் ஓடுகிறது. முட்டின சூட்டில் அடியில் கல் உருகியது, உருகினது மேலே எழும்பி இறுகியது, அதுதான் இந்த மலைகள்.

காபி ஆறும்வரை மாமனாரிடம் இதைச் சொன்னேன். கோபம் தணியட்டும் என்று பேச்சுக் கொடுத்ததுதான். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “பங்காளிக மாதிரின்னு சொல்லு” என்றார்.

“எப்படீங்க மாமா?”

“ஒண்ணா இருப்பானுக. வெட்டிக்கிட்டுப் பிரிவானுக. கொலசாமி கும்பிடுன்னா மறுபடி ஒட்டுக்கா வந்து நிப்பானுக. சேந்தாலும் சண்டை, பிரிஞ்சாலும் சண்டை.”

“அதேதானுங்க. அந்தச் சண்டையிலதான் தாதுவே வருது.”

“எங்க பங்காளிச் சண்டையில வக்கீலு ஊடுதான் கட்டுனாரு. தாது ஒண்ணும் வல்ல.”

பூபதிக்குக் காபி புரையேறிவிட்டது.

விளையாட்டாகச் சொன்னாலும் இதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது. கண்டங்கள் சேர்வதும் பிரிவதும் மறுபடி சேர்வதும் ஒரு சுற்று. ஒரு சுற்றுக்குப் பல பத்துக் கோடி ஆண்டுகள் ஆகும். பிரியும்போது அடிஆழத்துச் சரக்கு மேலே வரும், குரோமியமும் மக்னீசியமும் அந்தக் கூட்டம். நடுவில் திறந்த கடலில் சில காலங்களில் இரும்பு படியும். மறுபடி நெருங்கும்போது கடல்தரை கண்டத்துக்கு அடியில் செருகிக்கொண்டு இறங்கும், அங்கே செம்பும் தங்கமும் சேரும். கடைசியில் முட்டும்போது சுடுநீர் விரிசல்களில் ஓடி, சிதறிக் கிடந்ததை ஓரிடத்தில் கூட்டிவைக்கும். இன்னொன்றும் உண்டு. தாது உண்டானால் மட்டும் போதாது, தங்க வேண்டும். கண்டத்தின் ஓரத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது மழையிலும் காற்றிலும் கரைந்து போய்விடும். முட்டலில் நடுவே சிக்கி ஆழத்தில் புதைந்தது பிழைத்துக்கொள்ளும். கஞ்சமலை இரும்பு இன்றைக்கும் நம் கைக்குக் கிடைப்பதற்கு அப்படிப் புதைந்ததும் ஒரு காரணம்.

சித்தம்பூண்டி, காலை 11.20

சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு 11, அங்கிருந்து சித்தம்பூண்டி 23 கிலோமீட்டர். கடைசி ஐந்து கிலோமீட்டர் ஒற்றைச் சாலை, எதிரே கோழி லாரி வந்தால் ஒருவர் ஓரம் கட்டித்தான் ஆக வேண்டும். இங்கிருந்து பக்கத்து ஊரான குன்னமலை வரைக்கும் ஒரே வகைக் கல்தான். மேட்டுக் காட்டில் (எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைக் காடு என்போம்) ஏறியதும் தரையெங்கும் வெளிர்சாம்பல் பாறை, அங்கங்கே கரும்புள்ளி. நிலாவில் வெளுப்பாகத் தெரியும் பகுதிகள் இதே வகைக் கல். நிலவுப் பயணச் சோதனைகளுக்கு இந்தப் பக்கத்துக் கல்லை எடுத்து அரைத்தார்கள் என்று செய்தியில் படித்திருப்பீர்கள். இதற்கு நடுவில் ரிப்பன் மாதிரிக் கறுப்பு அடுக்குகள் ஓடும், அது குரோமியத் தாது.

இது எப்படி அடுக்கானது என்று கேட்டால், நம் ஊர்க்காரர்களுக்குச் சுலபம். ஜவ்வரிசி ஆலையில் கிழங்குப் பாலைத் தொட்டியில் விட்டால் மாவு அடியில் படியுமே, அதுதான். பூமிக்கு அடியில் பெரிய தொட்டி நிறைய உருகிய கல். ஆற ஆறக் கனமான குரோமியப் பரல்கள் முதலில் இறுகி அடியில் படிந்தன. லேசானது தனியாகப் பிரிந்து வெள்ளைக் கல்லானது. இதுவும் கஞ்சமலை வயதுதான், ஏறக்குறைய இருநூற்றைம்பது கோடி. ஒரு பழைய கடல் மூடிக்கொண்டிருந்தபோது அதன் விளிம்பில் இருந்த தொட்டி. கண்டங்கள் முட்டியதில் தொட்டியே கவிழ்ந்து, மடிந்து, மேலே வந்துவிட்டது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா எங்களைப் பார்த்ததும் நேராக வந்தார். கையில் நீளமான கோல்.

“ஏனுங்க, சர்வே ஆளுங்களா?”

“இல்லீங்க்கா, சும்மா பாக்க வந்தோம்.”

“சும்மா பாக்க ஆரு வருவா? பிளாட்டினம் இருக்குது, அது இருக்குதுன்னு சொல்லிச் சொல்லியே ஆளாளுக்கு வந்து தட்டிப் பாத்துட்டுப் போறாங்க. காட்டப் புடுங்கிட்டா ஆட்டை எங்க மேய்க்கறது?”

கல் எடுக்கவில்லை, திசை பார்க்கத்தான் வந்தோம் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஏன், ஊட்டுக்கு வழி தெரியலையா?”

கோலைக் கொஞ்ச நேரம் கடன் கேட்டேன். “அப்ப ஆட்ட ஆரு பாக்கறது?” என்றார். மாமனார் தானாகவே, “நாம் பாக்கறனுங்க” என்று சொல்லிப் போய் நின்றார். ஆள் வைத்துத் தறி ஓட்டுபவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குட்டிகளை விரட்டியதைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். வெளியிட மாட்டேன், வீட்டில் இருக்க வேண்டுமே.

கோலை மண்ணில் நேராக நட்டு, நிழல் நுனியில் ஒரு கல் வைத்தேன். பிறகு திசைகாட்டியைக் கொடுத்து, “மாமா, நீங்களே வைங்க. நான் தொடமாட்டேன்” என்றேன். கார் தூரத்தில் நிற்கிறது, சுற்றிலும் கம்பியில்லை, தகடில்லை. வெள்ளைப் பாறை மேல் வைத்தார். பத்தடி தள்ளி வைத்தார். ஆடுகளுக்கு நடுவில் போய் வைத்தார். என் மேல் சந்தேகம் தீராமல் மேட்டுக்கு மேலேயும் ஏறி வைத்தார். எல்லா இடத்திலும் முள் ஒரே பக்கம்.

அரைமணி கழித்து நிழல் நுனி நகர்ந்திருந்தது. அங்கே இன்னொரு கல் வைத்தேன். இரண்டு கல்லையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு. பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாக வரும் இந்த மாதத்தில் அந்தக் கோடு எந்நேரமும் பெரிய பிழையில்லாமல் வரும். திசைகாட்டியை அதன்மேல் வைத்தார். முள் கோட்டுக்கு நேர்க்குறுக்கே நின்றது.

மாமனார் குந்தி உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தார். எழுந்து கோலைத் துடைத்து அந்த அம்மாவிடம் கொடுத்தார்.

“வழி தெரிஞ்சுதுங்களா?” என்றார் அவர்.

“தெரிஞ்ச மாதிரி இருக்குதுங்க” என்றார் இவர்.

காரில் திரும்பும்போதுதான் அவர் பேசினார், முன்சீட்டிலிருந்து, என்னைத் திரும்பிப் பார்க்காமல். “ஊடு கட்டறப்ப உச்சி வெய்யல்ல தூக்குக்குண்டு நெழலு பாத்து, நாந்தான் கவுறு புடிச்சன். கொத்தனாரு ஒரு முனை, நான் ஒரு முனை. அந்தாளு முறுக்கிட்டு நிக்குதுன்னதும் என்ற கைதான் கோணிப்போச்சுன்னு நெனச்சன். என்னாலதான் புள்ளைக்கு இப்படின்னு.”

எனக்கு அதுவரை தெரியாது. பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். பூபதி பாட்டை நிறுத்தினார்.

வீடு, மாலை 4.10

திருச்செங்கோடு, சங்ககிரி, மகுடஞ்சாவடி வழியாகத் திரும்பினோம். நடுவில் திருச்செங்கோட்டில் சாப்பாடு, பாப்பாவுக்கு ஒரு தூக்கம். மொத்தம் 163 கிலோமீட்டர்.

இறங்கியதும் மாமனார் கொடிக்கம்பிக்கு முட்டுக் கொடுக்கும் மூங்கிலைப் பிடுங்கி வாசலில் நட்டார். நிழல் நுனியில் கல் வைத்தார். காபி குடித்தோம். மறுபடி கல் வைத்தார். பழைய கயிற்றை ஒரு முனை என் கையில் கொடுத்து, மறுமுனையை அவர் பிடித்தார். இரண்டு கல்லுக்கும் மேலாகக் கயிற்றை இழுத்தோம். கயிறு ஓடியது, பக்கத்திலேயே முன்சுவரும் இணையாக ஓடியது. கண்ணுக்கு ஒரு கோணல் தெரியவில்லை. திசைகாட்டி மட்டும் வாசற்படியில் உட்கார்ந்து வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் கயிற்றைச் சுருட்டினார். சுருட்டி முடித்துவிட்டு, “அப்ப வாசல்ல ஒண்ணுமில்ல” என்றார்.

“இல்லீங்க மாமா.”

“அப்ப புள்ள ஏன் அம்மணி பேசல?”

யாழினி படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். எங்களுக்கு முதுகைக் காட்டி. மாமனார் அவள் பின்னால் நின்று, “சாமி” என்று செல்லமாகக் கூப்பிட்டார். திரும்பவில்லை. கொஞ்சம் சத்தமாக, “சாமி.” திரும்பவில்லை. பின்னால் கையைத் தட்டினார், பலமாக. தோள் லேசாக அசைந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். முன்னால் போய் நின்றார். அவரைப் பார்த்ததும் அவள் முகம் முழுக்கச் சிரித்துக் கை நீட்டினாள்.

இதை நான் மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கண்ணாடி ஏற்றியிருந்தது, தறிச் சத்தம், தூக்கக் கலக்கம் என்று ஒவ்வொரு தடவைக்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். வாசல் ஒன்று இருந்தவரை அதற்குப் பின்னால் நானும் ஒளிந்துகொள்ள முடிந்தது. இனி இடமில்லை. மறுநாள் காலையிலேயே சேலத்தில் காது பரிசோதனைக்கு நேரம் வாங்கினேன். பயம் போய்விட்டதா என்றால் இல்லை. ஆனால் இப்போது எந்தப் பக்கம் பார்த்து நடக்க வேண்டும் என்று தெரிகிறது. பயத்தோடு நடக்க எனக்கு நன்றாகவே வரும்.

போக நினைப்பவர்களுக்கு: நவம்பர் முதல் மார்ச் வரை போங்கள், ஏப்ரலில் சித்தம்பூண்டிப் பாறையில் கால் வைக்க முடியாது. காலை ஆறரைக்குக் கிளம்பினால் நாலு மணிக்குத் திரும்பிவிடலாம். பேருந்தில் போவதென்றால் கஞ்சமலையையும் கருப்பூரையும் ஒரு நாள், சித்தம்பூண்டியைத் திருச்செங்கோட்டிலிருந்து இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், குழந்தைக்கு மாற்றுத்துணி. கல்லை உடைக்காதீர்கள், எடுத்து வராதீர்கள். காடு ஒருவருடையதாக இருக்கும், கேட்டுவிட்டு ஏறுங்கள். திசைகாட்டி கொண்டுபோனால் காரிலிருந்தும் சாலைத் தடுப்பிலிருந்தும் தள்ளி நில்லுங்கள், என்னைப் போல அசிங்கப்பட வேண்டாம். கஞ்சமலை அடிவாரத்தில் வீடோ மனையோ உள்ளவர்கள் போனில் திசை பார்த்து எதையும் இடிக்காதீர்கள். ஒரு கோலும் வெயிலும் போதும். குழந்தை பேசத் தாமதமானால் முதல் வேலையாகக் காதைப் பாருங்கள். இது பயணக் குறிப்பில் வராது, ஆனாலும் எழுதுகிறேன்.

இன்றைக்கு வியாழன். சாயங்காலம் கொத்தனார் போன் பண்ணினார், காலையில் எத்தனை மணிக்கு ஆளோடு வரட்டும் என்று. மாமனார்தான் எடுத்தார்.

“வரவேண்டாம்பா. நாளைக்கு ஊட்ல ஆரும் இருக்க மாட்டோம். புள்ளைக்குக் காது பாக்கறதுக்கு எல்லாரும் ஒட்டுக்கா சேலம் போறோம்.”